நாலு நாள் தள்ளி

உரக்கடைத் தராசின் கொக்கியில் பையை மாட்டினேன்.
பதினாலு கிலோ முந்நூறு.
"யூரியா மூட்டைக்கு இது தேவலை" என்றார் கடைக்காரர்.
"எங்கே, வேளாங்கண்ணிக்கா?"

தரங்கம்பாடியிலிருந்து கோடியக்கரை வரை,
அலையோரமாகவே,
ஐந்து பகல் நான்கு இரவு என்றேன்.
"வேண்டுதலா?"
இல்லை என்றதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.
சும்மா நடக்கிறவளை என்னவென்று அழைப்பது?
கணக்கு நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

ஒரு மாதமாக விடியலில்
கல்லார் மணலில் நடக்கிறேன்,
முதுகில் பத்து கிலோ இட்லி அரிசி.
குதிகாலில் முதல் வாரம் கொப்புளம்.
இரண்டாம் வாரம் கொப்புளத்தின் மேல் கொப்புளம்.
பிறகு தோல் முறையிடுவதை விட்டுவிட்டது.
நடந்துவந்த அரிசி நன்றாகப் புளிக்கிறது
என்கிறான் மகன், ஐந்தாவது இட்லிக்கு.

நாகூரிலிருந்து பர்ஜானா ஸ்கூட்டியில் வந்தாள்.
பையைத் தரையில் கொட்டினோம்.
ஸ்டவ் வேண்டாம், அவலும் வெல்லமும் போதும்.
இரண்டாவது போர்வை வேண்டாம்.
பிரஷ்ஷின் காம்பை அறுத்தோம், சோப்பைப் பாதியாக்கினோம்.
வழிக்கென்று அவள் கொண்டுவந்த அல்வாவை
எடை குறைக்கும் பொருட்டு
அங்கேயே உட்கார்ந்து தீர்த்தோம்.
ஒன்பது கிலோ. அதில் மூன்று தண்ணீர்.

வனத்துறைப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
"நடப்பதற்கு" என்று எழுதினேன்.
எழுத்தர் அடித்துவிட்டு
"பறவை பார்க்க" என்று திருத்தினார்.
ஜூன் மாதத்தில் பூநாரை இல்லை என்பது
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
முத்திரை விழுந்தது.

நாளைக் குறித்தது கடல்.
அஷ்டமியில் அலை ரொம்ப ஏறாது, ரொம்ப இறங்காது.
அம்மா காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள்.

மிச்சமிருந்தது ஆறுகள்தான்.
வரைபடத்தில் அவை ஏழு நீல நூல்,
கடலைத் தொடும் இடத்தில் ஒவ்வொன்றும் பிரிந்து நைந்திருக்கும்.
செருதூர் காத்தமுத்துவுக்குப் போன் போட்டேன்.
"ஆத்து வாய் மண்ணடிச்சுக் கெடக்கும்மா,
முட்டிக்குக் கீழதான், சேலையக்கூட தூக்க வேணாம்.
மேலத் தண்ணி மட்டும் வந்துச்சுன்னா
ஒரே ராத்திரியில பிச்சுக்கிட்டுப் போயிடும்."

நேற்று மேட்டூரைத் திறந்துவிட்டார்கள்.
டிவியில் மதகின் மேல் பூத் தூவினார்கள்.
கல்லணைக்கு மூன்று நாள்.
கடைமடைக்குப் பத்து, பதினைந்து,
முறை வைத்தால் இருபது.
கீழையூரில் தம்பி இளவழகன்
புழுதி ஓட்டிவிட்டு
வாய்க்கால் தலைப்பில் நிற்கிறான்.
நான் விரல் விட்டு எண்ணுகிறேன்,
அவனுக்கு எதிராக.

எங்கள் வீட்டில் யாரும் இதுவரை
தண்ணீர் தாமதமாக வரட்டும் என்று நினைத்ததில்லை.
குடித்துவிட்டுப் பெரியப்பா
ஊரையே ஏசிய இரவிலும்
அந்த ஒன்றை மட்டும் சொன்னதில்லை.
நாலு நாள்.
நாலே நாள் தள்ளி வந்தால் என்ன?
உரக்கடைக்காரருக்கு இப்போது பதில் இருக்கிறது,
வேண்டுதல்தான்.
எந்தச் சாமியிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இரவு ஒன்பதரைக்குத் தம்பி கூப்பிட்டான்.
"நீ என்னிக்குக்கா கிளம்புற?"
சொன்னேன்.
அந்தப் பக்கம் தவளைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
"அதுக்குள்ள வராதுக்கா" என்றான்.
என்னைத் தேற்றுகிற குரல்.
"வந்தா உடனே சொல்றேன்."

காலையில் துறைமுகத் தெருவில்
இருபது மீட்டர் நைலான் கயிறு வாங்கினேன்.
திரும்பவும் கொக்கியில் மாட்டினேன்.
"தண்ணி வருதாம்ல" என்றார் கடைக்காரர்,
வாயெல்லாம் பல்லாக, மூட்டைகளை அடுக்கியபடி.
ஆமாம் என்றேன்.
ஒன்பது கிலோ அறுநூறு.